விண்டர் சோல்ஜர்: 70-களின் சதிப் படங்களிலிருந்து அப்படி எதைத்தான் எடுத்தார்கள்?

ரீல்பெட்டி கேட்டது:

'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' (2014) வந்த நாளிலிருந்து எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதுறாங்க: "இது சூப்பர் ஹீரோ படமே இல்ல, 70-களோட அரசியல் சதி த்ரில்லர்." எப்படின்னு கேட்டா ராபர்ட் ரெட்ஃபோர்டைக் காட்டுவாங்க, பேச்சு அங்கேயே முடிஞ்சிடும். ஒரு நடிகரைக் கூட்டிட்டு வந்துட்டா அந்த வகைப் படம் ஆயிடுமா?

திரைக்கதை வகுப்பு ஒண்ணுக்கு இதை எடுத்துக்கலாம்னு இருக்கு. இரண்டு அமர்வு, ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம். காட்சி அளவுல எது எங்கேருந்து வந்தது, எது ஒட்டவே இல்ல, அதே சரக்கை 'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' (2025) எடுத்தும் ஏன் சூடு பிடிக்கல, இந்த மூணும் தெரியணும். "ரெட்ஃபோர்டு செம்ம" மாதிரி பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

---

பழையபிரதி:

ரெட்ஃபோர்டை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிடாதீங்க. 1975-ல சிட்னி போலாக் எடுத்த 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டார்'ல துரத்தப்படுறவர் அவர்தான். 1976-ல 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'ல வாட்டர்கேட்டைத் தோண்டுற பாப் உட்வர்டும் அவர்தான். உண்மை பக்கம் நிக்கிற ஆள்னு பழகிப்போன முகம். அந்த முகத்தை மேஜைக்கு அந்தப் பக்கம், வில்லன் பியர்ஸா உட்கார வெச்சதுதான் விண்டர் சோல்ஜரோட முதல் ஏமாத்து. பழைய படம் பார்க்காதவங்களுக்கு இது வேலை செய்யாது, அதனால வகுப்புல காண்டாரை முதல்ல போடுங்க.

இப்ப எலும்புக்கூடு. காண்டார்ல ஜோசஃப் டர்னர் சி.ஐ.ஏ.வுக்காகப் புத்தகம் படிக்கிறவன். நியூயார்க்ல 'அமெரிக்கன் லிட்டரரி ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி'ன்னு போர்டு மாட்டின அலுவலகம். எல்லாருக்கும் மதியச் சாப்பாடு வாங்கப் பின்வாசல் வழியாப் போறான், திரும்பி வந்தா மொத்த ஆபீஸும் பிணம். தலைமையகத்துக்கு ஃபோன் பண்றான். கூட்டிட்டுப் போக வந்த ஆளே அவனைச் சுடுறான். அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பொண்ணோட வீடுதான் (ஃபே டனவே) அவனுக்கு அடைக்கலம்.

விண்டர் சோல்ஜர்ல ஷீல்டுங்கிற உளவு அமைப்போட தலைவர் ஃபியூரி சுடப்படுறதுலேருந்து, ஸ்டீவ் (அதாவது கேப்டன் அமெரிக்கா) சாம் வில்சன் வீட்டுக் கதவைத் தட்டுறது வரைக்கும் இதே படிக்கட்டுதான். காப்பாத்த வேண்டிய அமைப்பே வேட்டையாடுது, தெரிஞ்ச இடம் எல்லாம் அடைபட்டுப்போச்சு, கடைசியில புதுசாப் பழகின ஒருத்தர் வீடு. நடுவுல ஒரு முக்கியமான ஆணி இருக்கு: ஸ்டீவ் வீட்டுல ஃபியூரி வாயால ஒண்ணு பேசிக்கிட்டே ஃபோன் திரையில வேற ஒண்ணு எழுதிக் காட்டுவார். ஒட்டுக்கேட்கிறாங்க, ஷீல்டுக்குள்ளேயே ஆள் இருக்குன்னு. பின்னாடி ரிக்கார்டு பிளேயர் ஓடிக்கிட்டு இருக்கும். அடுத்த நிமிஷம் சுவரைத் துளைச்சுக்கிட்டுக் குண்டு வருது. மாஸ் ஹீரோவோட சொந்த வீட்டுச் சுவரே அவனுக்குக் காவல் இல்லேன்னு ஆக்கினாத்தான் இந்த வகைப் படம் ஆரம்பிக்குது.

லிஃப்ட் காட்சி: காண்டார்ல டர்னரும் கொலைகாரன் ஜூபேரும் (மாக்ஸ் வான் சீடோ) ஒரே லிஃப்ட்ல இறங்குவாங்க. டர்னருக்குச் சந்தேகம் மட்டும்தான், உறுதி இல்ல. பேச்சு சாதாரணம், பயம் முழுக்கப் பார்வையில. விண்டர் சோல்ஜர் அதே பெட்டியை எடுத்து ஆள் எண்ணிக்கையைக் கூட்டுது. ஒரு மாடியில சில பேர் ஏறுறாங்க, அடுத்த மாடியில இன்னும் சில பேர், அப்புறமும் ஏறுறாங்க. ஒருத்தன் கை ஆயுதத்து மேல இருக்கு, இன்னொருத்தன் நெத்தியில வேர்வை. ஸ்டீவ் கண்ணு இதை மட்டும் பொறுக்குது, அப்புறம் "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாராவது இறங்கணுமா?"ன்னு கேட்கிறான். அந்தக் கேள்வி வரைக்கும் அது காண்டார், அதுக்கு அப்புறம்தான் மார்வல். வகுப்புல அந்தக் கேள்வியில பாஸ் பண்ணி நிறுத்துங்க. அதுவரைக்கும் ஒரு அடிகூட விழுந்திருக்காது, ஆனா பதற்றம் முழுசா ஏறியிருக்கும்.

இதே கணக்குல இன்னொரு காட்சி, சண்டையே இல்லாதது: பியர்ஸ் வீட்டுச் சமையலறை. ராத்திரி, வேலைக்கார அம்மா ரெனாட்டா கிளம்புறாங்க. பியர்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுக்கிறார், திரும்பினா இருட்டுல மூளைச்சலவை செஞ்ச கொலைகாரன் விண்டர் சோல்ஜர் உட்கார்ந்திருக்கான், துப்பாக்கி மேஜை மேல. "பால் வேணுமா?"ன்னு கேட்கிறார். யாரைக் கொல்லணும்னு சொல்றார், அதுக்குள்ள ரெனாட்டா மறந்து வெச்ச ஃபோனை எடுக்கத் திரும்பி வந்துடுறாங்க. தட்டிட்டு வந்திருக்கலாமேன்னு வருத்தமாச் சொல்லிட்டு அதே துப்பாக்கியால சுடுறார். பறக்கும் போர்க்கப்பலான ஹெலிகேரியர் மூணும் சேர்ந்து காட்டாத பயங்கரம் அந்தப் பால் கிளாஸ்ல இருக்கு.

---

ஃப்ரேம்24:

கட்டமைப்பு பற்றி பழையபிரதி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "70-களின் படம் மாதிரி இருக்கிறது" என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கதை அப்படி இருக்கிறது, பிம்பம் அப்படி இல்லை. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆலன் ஜே. பகுலாவின் மூன்று படங்களை (க்ளூட் 1971, தி பாரலாக்ஸ் வியூ 1974, ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென் 1976) ஒளிப்பதிவு செய்தவர் ஒருவரே: கார்டன் வில்லிஸ். அவருடைய முறை எளிமையானது, ஆனால் துணிச்சல் வேண்டும். மனிதனைச் சின்னதாக்கு, கட்டடத்தைப் பெரிதாக்கு, முகத்தில் பாதியை இருட்டில் விடு, வெட்டாமல் காத்திரு. காங்கிரஸ் நூலகத்தில் இரண்டு நிருபர்கள் புத்தகம் எடுத்த சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்க, கேமரா மேஜையிலிருந்து மேலே, மேலே, குவிமாடம் வரை போகும். தேடுகிறவர்கள் எறும்பு அளவுக்கு ஆகிவிடுவார்கள். எதிராளி யார் என்று ஒரு வார்த்தை பேசாமலே அவன் அளவு தெரிந்துவிடும்.

விண்டர் சோல்ஜரின் ஒளிப்பதிவாளர் ட்ரெண்ட் ஓபலோக், 'டிஸ்ட்ரிக்ட் 9' எடுத்தவர். கையில் பிடித்த கேமரா, அண்மைக் காட்சிகள், வேகமான வெட்டு. பாலத்துச் சண்டை அந்த வகையில் பிரமாதம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேமரா எப்போதும் ஸ்டீவின் தோளோடு தோளாக ஓடுகிறது. நாயகனோடு ஓடும் கேமரா நாயகனுக்குப் பக்கபலம். வில்லிஸின் கேமரா யாருக்கும் பக்கபலம் கிடையாது, யாரோ தூரத்திலிருந்து கவனிப்பது போல நிற்கும். பார்வையாளருக்கு வரும் அந்தக் குறுகுறுப்பு கதையால் மட்டும் வருவதில்லை, அந்தத் தூரத்தால் வருகிறது. இதை எடுத்துக்கொள்ள 100 கோடி டாலர் கனவு காணும் எந்த ஸ்டூடியோவும் துணியாது, கொடுத்த காசுக்கு ஹீரோ முகம் தெரிய வேண்டும் அல்லவா.

ஒரு உபரித் தகவல், வகுப்பில் கண்டிப்பாகப் பயன்படும். பாரலாக்ஸ் வியூவில் கொலையாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், வாரன் பீட்டியை இருட்டறையில் உட்கார வைத்து ஒரு படத்தொகுப்பைப் போட்டுக் காட்டும். அன்பு, தாய், தந்தை, வீடு, நாடு, கடவுள், எதிரி, நான், மகிழ்ச்சி என்று அட்டைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் புகைப்படங்கள் வரும். முதலில் பொருந்தி வரும் படங்கள் போகப் போக இடம் மாறும்: 'தாய்' என்ற அட்டைக்குப் பின் வன்முறை, 'நாடு' என்பதற்குப் பின் கூட்டக்கொலை. அந்தத் தொகுப்புக்குள் மார்வல் காமிக்ஸின் தோர் படங்கள் இருக்கின்றன! சுத்தியலோடு நிற்கும் அதே தோர். கோபத்தையும் ஏக்கத்தையும் கிளறி ஒருவனைக் கொலையாளியாக்க 1974-ல் சூப்பர் ஹீரோ படத்தைத் தூண்டிலாக வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியது சூப்பர் ஹீரோப் படம் மட்டுமல்ல.

---

காமிக்ஸ்மூட்டை:

தோர் பத்திச் சொன்னதும் வந்துட்டேன் 🙂

கடனை சினிமாவுக்கும் சினிமாவுக்கும் நடுவுலயே தேடுறீங்க. கேப்டன் அமெரிக்கா கதைக்குள்ள சதி த்ரில்லர் நுழைஞ்சது 2014-ல இல்ல, 1974-ல. ஸ்டீவ் எங்கல்ஹார்ட் எழுதி சால் புசீமா வரைஞ்ச 'சீக்ரெட் எம்பயர்' கதை, இதழ் எண் 175-ல உச்சம். அட்டையில 1974 ஜூலைன்னு போட்டிருக்கும். வாட்டர்கேட்டால ஜனாதிபதி நிக்சன் ராஜினாமா ஆகஸ்ட் 9. அதாவது கதை எழுதும்போது அவர் இன்னும் பதவியில இருக்கார்.

கதை எப்படிப் போகுதுன்னு பாருங்க, சண்டையில இல்ல, விளம்பரத்துல ஆரம்பிக்குது. குவென்டின் ஹார்டர்மேன்னு ஒரு விளம்பர ஆள் டி.வி.யில கேப்டனுக்கு எதிரா பிரசாரம் ஓட்டி மக்களைத் திருப்பிடுறான். நிஜத்துல நிக்சனோட தலைமை அலுவலர் ஹால்டெமன் விளம்பரக் கம்பெனியிலேருந்து வந்தவர், பேர் ஒற்றுமை தற்செயல் இல்ல. அப்புறம் கொலைப்பழி, தலைமறைவு. கடைசியில சதிக்கூட்டத்தோட தலைவன், முகமூடி போட்ட 'நம்பர் ஒன்', வெள்ளை மாளிகைக்குள்ள ஓடுறான். கேப்டன் முகமூடியைக் கழட்டுறான், முகம் நமக்குக் காட்டப்படாது, அந்த ஆள் அங்கேயே தன்னைச் சுட்டுக்கிறான். யாருன்னு பேர் சொல்லல, சொல்லவும் தேவையில்ல. அதுக்கு அப்புறம் ஸ்டீவ் கேடயத்தைக் கீழ வெச்சுட்டு 180-ம் இதழ்ல 'நோமாட்'ங்கிற வேற பேர்ல திரியுறான்.

படம் பேரு மட்டும் வேற மூட்டையிலேருந்து வந்தது: எட் ப்ரூபேக்கர் எழுத்து, ஸ்டீவ் எப்டிங் ஓவியம், 2005-ல ஆரம்பிச்ச தொடர். ஸ்டீவோட பழைய நண்பன் பக்கி (அவன்தான் விண்டர் சோல்ஜர்) சாகல, சோவியத் ஆளுங்க எடுத்துக்கிட்டாங்கங்கிறது அங்கேதான். படத்துல பக்கி மூளையைத் துடைக்கிற காட்சியில நிக்கிற ஆளுங்கள்ல ஒருத்தர் ப்ரூபேக்கரே.

படக்குழு 2005-லேருந்து ஆளை எடுத்துக்கிட்டாங்க, 1974-லேருந்து பிரச்சினையை எடுத்துக்கிட்டாங்க. ஆனா 1974-ல இருந்த அந்தக் கடைசி அடி, அதாவது குற்றவாளி நாட்டோட தலைமையிலேயே இருக்கான்கிறது, படத்துல இல்ல. ஏன் இல்லேன்னு யாராவது எழுதுங்க, எனக்கு இங்க பஸ் வந்துடுச்சு.

---

இரண்டாம்பாதி:

காமிக்ஸ்மூட்டை விட்டுட்டுப் போன இடத்திலிருந்து.

படத்தின் நடுப்பகுதியில் கேம்ப் லீஹை என்ற பழைய ராணுவ முகாமின் நிலவறையில் எதிரி விஞ்ஞானி ஆர்னிம் ஸோலாவின் மூளை, 2,00,000 அடி டேட்டா டேப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் பாடம் நடத்துவார்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆபரேஷன் பேப்பர்க்ளிப் வழியாக உள்ளே வந்தோம், ஷீல்டுக்குள்ளேயே ஹைட்ராவை (நாஜிக் காலத்து ரகசிய அமைப்பு) வளர்த்தோம் என்று. பேப்பர்க்ளிப் நிஜம், நாஜி ஜெர்மனியின் விஞ்ஞானிகளை அமெரிக்கா அழைத்துக்கொண்டது நிஜம். அதில் கதையைக் கொக்கி போட்டது கெட்டிக்காரத்தனம். ஆனால் அதே நிமிடத்தில் படம் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. அதுவரை "நம்ம ஆட்களே இப்படியா?" என்ற கேள்வி இருந்தது. இப்போது பதில் வந்துவிட்டது: இல்லை, இவர்கள் நம்ம ஆட்களே இல்லை, வேஷம் போட்ட பழைய எதிரி.

காண்டாரின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். டர்னரோடு வாதாடும் ஹிக்கின்ஸ் எந்த ரகசிய அமைப்பின் ஆளும் இல்லை, சம்பளம் வாங்கும் சி.ஐ.ஏ. அதிகாரி. இன்று எண்ணெய், நாளை உணவு, தட்டுப்பாடு வந்தால் எப்படிக் கொண்டுவந்தாய் என்று மக்கள் கேட்க மாட்டார்கள், கொண்டுவா என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் வாதம். மறுக்க வாயெடுத்தால் நமக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பியர்ஸிடமும் அப்படி ஒரு வாதம் இருக்கிறது: 2 கோடிப் பேரைக் கொன்று 700 கோடிப் பேருக்கு ஒழுங்கு. அதை அவர் ஒரு நிர்வாகியின் குரலில்தான் சொல்கிறார், அதுவரை அபாரம். சாகும்போது "ஹெயில் ஹைட்ரா" என்கிறார். முடிந்தது, கோப்பு பார்க்கும் மனிதன் கார்ட்டூன் ஆகிவிட்டான். அந்த இரண்டு சொற்களை வெட்டிவிட்டுப் பார்த்தால் படம் இன்னும் கசப்பாக இருக்கும், எடிட்டிங் பயிற்சியாகவே மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.

இனி 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. அது காண்டாரின் பிள்ளை இல்லை, 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' (1962, ஜான் ஃப்ராங்கன்ஹைமர்) வம்சம். அதில் மூளைச்சலவை செய்யப்பட்ட சிப்பாயைச் சீட்டாடச் சொல்வார்கள், டைமண்ட் ராணி வந்ததும் அவன் சொன்னதைச் செய்யும் பொம்மை. இந்தச் சாவி சூப்பர் ஹீரோப் படங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'எக்ஸ் 2' (2003) தொடக்கத்தில் நைட்க்ராலர் வெள்ளை மாளிகைக்குள் பாய்ந்து ஜனாதிபதி மேஜையில் கத்தியைக் குத்துவான், அவன் கழுத்தில் ஊற்றிய திரவம் சாவி. 'சிவில் வார்' (2016) படத்தில் பக்கிக்குச் சிவப்புப் புத்தகத்து ரஷ்யச் சொற்கள் 10. 2025-ல் 'மிஸ்டர் ப்ளூ' என்ற பழைய பாட்டு.

சாவி ஒன்றேதான், பூட்டுதான் மாறுகிறது. எக்ஸ் 2-ல் தாக்குதல் நடந்த உடனே அது யாருக்கு லாபம் என்று தெரிகிறது: ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் அதைக் காட்டி ஜனாதிபதியிடம் மியூட்டன்ட்கள் (பிறவியிலேயே சக்தி உள்ளவர்கள்) படிக்கும் பள்ளியைச் சோதனை போட அனுமதி வாங்குகிறார். பொய்த் தாக்குதல், அதன் பேரில் நிஜ உத்தரவு, கையெழுத்து போட்ட காகிதம். அரசியல் சதி என்றால் அந்தக் காகிதம்தான். சிவில் வாரில் சாவியைத் திருப்புகிறவன் ஸீமோ தனி ஆள், ஆனால் அடி விழுவது நட்பின் மேல், அதனால் வலிக்கிறது.

பிரேவ் நியூ வேர்ல்டில் பாட்டு ஒலிக்கிறது, ஐசயா பிராட்லி உட்படச் சிலர் எழுந்து ஜனாதிபதி ராஸைச் சுடுகிறார்கள். முதியவர் ஐசயாவை அரசாங்கம் முன்பே ஒருமுறை சிறையில் போட்டு அழித்திருக்கிறது என்பதால் தொடக்கம் நன்றாகவே கனக்கிறது. ஆனால் பின்னால் இருப்பது யார்? ராஸ் அடைத்து வைத்திருந்த விஞ்ஞானி ஸ்டெர்ன்ஸ். விடுதலை தருவதாகச் சொல்லி ராஸ் ஏமாற்றினார், அவர் பழி வாங்குகிறார். சொந்தப் பகை. எந்த அலுவலகமும் எந்த உத்தரவும் இதில் மாட்டவில்லை. பற்றாக்குறைக்கு ராஸ் சிவப்பு ஹல்க் ஆவதைப் போஸ்டரிலேயே அடித்துவிட்டார்கள். சதிப் படத்தில் போஸ்டர்காரனுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தால் துப்பறிகிறவன் என்ன செய்வான்? இத்தனைக்கும் ராஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, ஒட்டுக்கேட்பவனின் கதையான 'தி கான்வர்சேஷன்' (1974) படத்தில் சின்ன வேடத்தில் பயமுறுத்தியவர். அந்த நிழலைப் பயன்படுத்தவே இல்லை.

---

ரீல்பெட்டி:

இது போதும்னு சொல்ல மாட்டேன், ஆனா நிறைய கிடைச்சது. ஒரு சந்தேகம்: விண்டர் சோல்ஜர் ஸ்னோடன் விவகாரத்தை (அமெரிக்க அரசோட ரகசியக் கண்காணிப்பு ஆவணங்களை அவர் வெளியிட்டது) பார்த்து எழுதினதா? பல கட்டுரையில அப்படிப் போட்டிருக்கு. அப்புறம், மூணு மணி நேரத்துல எதை எப்படி அடுக்கறது?

---

பழையபிரதி:

ஸ்னோடன் இல்ல. படப்பிடிப்பு 2013 ஏப்ரல்ல ஆரம்பிச்சாச்சு, அவர் கொடுத்த ஆவணத்தை வெச்சு கார்டியன் போட்ட முதல் செய்தி ஜூன் 5. அப்ப திரைக்கதை எப்பவோ தயார். அந்த நேரத்துல அமெரிக்காவுல ஓடிக்கிட்டு இருந்த சண்டை ட்ரோன் தாக்குதல், கொல்ல வேண்டியவங்க பட்டியல் பத்தி. படத்துல ஹெலிகேரியரை வெச்சுப் போடுற புராஜெக்ட் இன்சைட் திட்டம்னா அதுதான்: குற்றம் நடக்கும் முன்னாடியே கணக்குப் போட்டு ஆளை முடிக்கிறது.

இரண்டாம்பாதிக்கு ஒரு மறுப்பு. ஹைட்ரா பேர் வந்ததும் பல்லு போச்சுங்கிறது பாதி உண்மை. படம் ஹைட்ராவை மட்டும் களையெடுத்துட்டு ஷீல்டைக் காப்பாத்தல. ஃபியூரி கேட்டும் ஸ்டீவ் விட்டுக்கொடுக்கல, ரெண்டும் சேர்ந்துதான் போகணும்கிறான். அதோட, ஸ்டீவ் மைக்ல பேசினதும் ஒரு சாதாரண கன்ட்ரோல் ரூம் ஊழியர், தலையில துப்பாக்கி வெச்சிருக்கும்போது நடுங்கிக்கிட்டே "கேப்டன் உத்தரவு"ன்னு சொல்லி ஏவுற பட்டனை அழுத்த மறுப்பார். அவருக்குச் சக்தி எதுவும் கிடையாது. 70-கள் படத்தோட நிஜ வாரிசு அந்த ஊழியர்தான்.

முடிவையும் ஒப்பிட்டுப் பாருங்க. காண்டார்ல டர்னர் கதையை நியூயார்க் டைம்ஸ் கிட்ட கொடுத்துட்டு வாசல்ல நிக்கிறான், "அச்சடிப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"னு ஹிக்கின்ஸ் கேட்கிறார், படம் உறைஞ்சு நின்னுடும். 2014-ல ஸ்டீவோட கூட்டாளி நடாஷா எல்லாக் கோப்பையும் இணையத்துல கொட்டிட்டு, ட்ரெண்ட் ஆகுதுன்னு ஃபோனைக் காட்டுறா. நடுவுல ஆசிரியர் இல்ல, அதனால அந்தக் கேள்வியும் இல்ல. இதுல படத்துக்கு லாபமா நஷ்டமான்னு மாணவர்களே அடிச்சுக்கட்டும்.

அடுக்கறது: முதல் அமர்வுல காண்டார் முழுசா, சுமார் 117 நிமிஷம். மிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும், அதுல மஞ்சூரியன் சீட்டுக் காட்சியும் எக்ஸ் 2 வெள்ளை மாளிகைக் காட்சியும் அடுத்தடுத்துப் போட்டுப் பேசுங்க. ரெண்டாவது அமர்வுல விண்டர் சோல்ஜர் 136 நிமிஷம். மிச்சம் 44. இடைவேளை 10 போனா 34-தான், அதனால லிஃப்ட், சமையலறை ரெண்டை மட்டும் திருப்பிப் போடுங்க. ஹெலிகேரியர் சண்டை ஓடும்போது மாணவர்கள் ஃபோனை எடுப்பாங்க. எங்கே எடுத்தாங்கன்னு நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க, சதிப் படம் முடிஞ்சு மத்தது ஆரம்பிச்ச இடம் அதுதான்.

---

ஃப்ரேம்24:

அந்த 34 நிமிடத்தில் பாரலாக்ஸ் படத்தொகுப்புக்கு இடம் விடுங்கள். சில நிமிடங்கள்தான். விளக்கை முழுசாக அணைத்து, முன்னுரை எதுவும் சொல்லாமல் போடுங்கள். தோர் வருவதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். யார் கண்ணில் பட்டது என்று முடிந்த பிறகு கேளுங்கள்.